சரிவின் அடியிலிருந்து ஆரம்பி, டேனி

2006 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, மாலை நாலே கால் மணி. மணாலிக்கு மேலே, சோலாங் பள்ளத்தாக்கில், நாற்பத்தொன்றாவது முறையாகப் பனியில் விழுந்தேன். முதல் நாற்பதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்தொன்றில் இடது மணிக்கட்டு போயிற்று.

டேனி, எடுத்த எடுப்பில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. இது எப்படி நடந்தது என்று உன் அம்மாவிடம் ஒரு கதை இருக்கிறது, உன்னிடம் ஒரு கதை இருக்கிறது, சர்ச்சில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நேரில் சொல்லலாம் என்றால் நீ இரண்டு ஞாயிறாக வீட்டுப் பக்கம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் 'மீட்டிங்ல இருக்கேன் அங்கிள்' என்கிறாய். ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன மீட்டிங் என்று நான் கேட்பேன், அங்கேயே சண்டை ஆரம்பித்துவிடும். அதனால் எழுதுகிறேன். எனக்கு டெஸ்ட் ரிப்போர்ட் எழுதத்தான் தெரியும். இதுவும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கும் எனக்கும் பதினைந்து வயதுதான் வித்தியாசம். அம்மாவைக் கட்டிக்கொண்டதற்காக அப்பன் மாதிரி உபதேசம் பண்ணுகிறான் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் முழுவதும் படி.

முந்தாநாள், பிப்ரவரி ஆறு, திங்கள்கிழமை உன்னோடு வேலை செய்யும் வினய் வீட்டு போனுக்குக் கூப்பிட்டான். உன் மொபைல் எடுக்கவில்லையாம். பாவம், என்னிடம் தமிழில் பேச வேண்டும் என்று முயற்சி பண்ணினான், பாதி கன்னடமாக வந்தது. 'அங்கிள், டேனி ஷூ சைஸ் எஷ்டு? குல்மார்க்ல ஸ்னோபோர்டு, பூட்ஸ் எல்லாம் இவத்தே, இன்னைக்கே புக் மாடபேக்கு, நாளைக்குன்னா கிடைக்காது.' எட்டு என்றேன். 'தேங்க்ஸ் அங்கிள். பதினெட்டாந்தேதி ட்ரெயின். டேனி சொல்லியிருப்பானே?' சொல்லியிருக்கிறான் என்றேன். போனை வைத்ததும் உள்ளேயிருந்து உன் அம்மா 'யாரு?' என்று கேட்டாள். 'ராங் நம்பர்' என்றேன். ராங் நம்பரிடம் ஏன் எட்டு என்று சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆக, நீ எங்களிடம் சொல்லாமல் காஷ்மீருக்குப் போகப் போகிறாய், பனியில் பலகைமேல் சறுக்க. பதினேழாம் தேதி போன் பண்ணி ஆபீஸ் ட்ரிப், ஊட்டி, மூன்று நாள் என்று ஏதாவது சொல்வாய். அம்மா நம்புவாள். திங்கள்கிழமையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பேப்பரில் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீநகர் வெப்பநிலையைத் தினமும் பார்க்கிறேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. பீன்யா ஃபேக்டரியில் என் டெஸ்ட் பெஞ்சில் ஒரு பிரேக் லிவர் நேற்று நேரத்துக்கு முன்னாலேயே முறிந்தது. சத்தம் கேட்டு நான் துள்ளினதைப் பார்த்து ஜூனியர் பையன்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

இந்த வீட்டில் இருக்கிற ஒரே சட்டம் எதனால் வந்தது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உன் அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனபோது உனக்கு ஏழு வயது. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் லாரி. அதற்கப்புறம் உன் அம்மா இருக்கிற இடத்தில் இரண்டு சக்கரம் கிடையாது. நான் 1995-ல் அவளைப் பார்க்க லிங்கராஜபுரத்துக்கு முதல் தடவை வந்தபோது மோட்டார் சைக்கிளில்தான் வந்தேன். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், 'உள்ள வரதுக்கு முன்னாடி இத வித்துட்டு வாங்க.' விற்றேன். பஸ் ஸ்டாப்பில் நிற்பது எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக நிற்கிறேன். எனக்காவது ஒரு காலத்தில் வண்டி ஓட்டிய ஞாபகம் இருக்கிறது. உனக்கு அதுவும் இல்லை. பெங்களூரில் பிறந்து வளர்ந்து, இருபத்திரண்டு வயதில், ஒரு சைக்கிளைக்கூட ஓட்டத் தெரியாத எஞ்சினியர் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். அது உன் தப்பில்லை.

பி.யூ.சி. படிக்கும்போது உன் கூட்டம் விடியற்காலையில் நந்தி ஹில்ஸுக்கு வண்டியில் கிளம்பியது. பின்சீட்டிலும் உட்காரக் கூடாது என்றுவிட்டாள் அம்மா. நீ வாதாடவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து, அடிவாரத்தில் இறங்கி, மழையில் அத்தனை தூரமும் நடந்தே ஏறினாய். நீ மேலே போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஆம்லெட் தின்றுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் ஈர ஷூவோடு வந்து 'செம வியூ அங்கிள்' என்று சொன்னாய். கொட்டுகிற மழையில் என்ன வியூ? அன்றைக்கே எனக்கு ஒன்று தெரிந்தது. ஒரு கூட்டம் மேலே போகிறது என்றால், என்ன விலை கொடுத்தாவது நீயும் மேலே போவாய். கீழே நிற்கிற ஆள் இல்லை நீ. குல்மார்க் என்றதும் நான் பேப்பரைப் புரட்டுவது அதனால்தான்.

டிசம்பரில் நீ ஸ்னோபோர்டு படம் போட்ட ஒரு பிரிண்ட் அவுட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாயே, அந்த இரவு வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தோம். 'ரெண்டு சக்கரம்தானேம்மா கூடாது? இதுல சக்கரமே இல்ல பாருங்க. ஒரு பலகை. அவ்ளோதான்' என்றாய். உன் அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தால் அவள் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி. 'எங்க போயி கத்துக்கணும், எப்படிக் கத்துக்கணும்னு இவன் பாத்து சொல்லட்டும். இவன் சரின்னா சரி' என்று என்னைக் காட்டினாள். கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்புத் தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை பார்க்கிறவன் நான். அந்த நம்பிக்கையில் சொன்னாள். நீயும் சிரித்துக்கொண்டே, 'நீங்களே சொல்லுங்க அங்கிள், எங்க ஆரம்பிக்கலாம்?' என்றாய். நீ என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. கல்லூரி, வேலை, தங்குகிற பி.ஜி. எல்லாம் நீயாக முடிவு செய்துவிட்டுத் தகவல் சொன்னவன்.

ஒழுங்கான மனிதன் நாலு பேரை விசாரித்திருப்பான். நானும் விசாரித்தேன். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவன், கம்பெனியில் வெளிநாட்டு ஆன்சைட் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல், அங்கேதான் முறையாகச் சொல்லித் தருவார்கள் என்றான். இன்னொருவன் குல்மார்க் என்றான், இன்னொருவன் சோலாங் என்றான். ஒருவன்கூடத் தான் விழுந்த கதையைச் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பொருள் எங்கே உடையும் என்று தெரியாதவரை அதை நான் நம்பமாட்டேன். என் தொழில் அப்படி. பெஞ்சில் மாட்டி, சுமையை ஏற்றிக்கொண்டே போவோம், முறிகிறவரைக்கும். முறிந்த இடம் தெரிந்தால், எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஜனவரியில் சண்டிகரில் ஒரு கஸ்டமர் வேலை வந்தது. அது ஒரு நாள் வேலை. அதோடு நாலு நாள் லீவு போட்டேன். உன் அம்மாவிடம் வேலை இழுத்துக்கொண்டு போகும் என்றேன். சண்டிகரில் பஸ் ஏறி மணாலிக்குப் போய்விட்டேன்.

அங்கே பார்த்ததைச் சொல்கிறேன், உனக்கு வேண்டியது இதுதான். சோலாங்கில் ஓர் அகலமான சரிவு; அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகி நின்றுவிடும். அதனால் நிறுத்தத் தெரியாதவனும் தானாகவே நின்றுவிடுவான். அந்தக் காலத்து லிஃப்ட் ஒன்று இருக்கிறது, அதை நம்பவேண்டாம். பலகையைத் தோளில் வைத்து நடந்து ஏறு. மூச்சு வாங்கும், அதனாலேயே உன் சக்திக்கு மேல் ஏறமாட்டாய். ரோட்டோரக் கடைகளில் ரோமக் கோட்டு, கம்பூட்ஸ் எல்லாம் வாடகைக்குத் தருவார்கள், முதுகில் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். போட்டோ எடுக்க வந்த ஜனங்களுக்கு அது. பலகைக்கு வேறு பூட்ஸ், பாதத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். குதிகால் உள்ளே தூக்கினால் சைஸ் தப்பு. சுற்றுலாக் கூட்டமும் குதிரையும் ட்யூபில் சறுக்குகிற குழந்தைகளும் இடது பக்கம் இருந்தார்கள். நீ வலது பக்கம் போ.

சுனில் என்று உள்ளூர்ப் பையன் ஒருவன் சொல்லிக்கொடுத்தான். நல்ல பையன், பேச்சு குறைவு, பாதி நேரம் மொபைலில் சிக்னல் தேடிக்கொண்டிருப்பான். முதல் நாள் ஒரு காலை மட்டும் பலகையில் கட்டி, இன்னொரு காலால் தள்ளிக்கொண்டே நடக்க வைத்தான். நான் 'ரெண்டையும் கட்டுப்பா, எனக்கு நாலு நாள்தான் லீவு' என்று என் சிவாஜிநகர் உருதுவில் சொன்னேன். அவன் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் இரண்டு காலும். பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, குதிகால் பக்க விளிம்பைப் பனியில் பதித்து, மெல்ல மெல்லக் குறுக்காகவே இறங்க வேண்டும். முட்டி மடங்கியிருக்க வேண்டும். நீ எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் பலகை போகும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குப் போகும். இதைப் புத்தியால் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். உடம்புக்கு இரண்டு நாள் ஆனது. எனக்கு இரண்டு நாள் என்றால் உனக்கு ஒன்றரை நாள் வைத்துக்கொள்.

எந்தக் கால் முன்னால் என்று கடைக்காரன் கேட்பான். தெரியாது என்று நீ சொன்னால், அவன் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்து முடிவு பண்ணுவான். அதற்கு அவசியமில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அம்மா சிமெண்ட் முற்றத்தைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாளே, பன்னிரண்டு வயதில் நீ ஓடி வந்து அதில் சறுக்குவாய். ஒவ்வொரு தடவையும் வலது கால்தான் முன்னால். வலது என்று சொல். நிறையப் பேருக்கு இடது; அவன் ஒரு மாதிரி பார்த்தால் கவலைப்படாதே.

இன்னொன்று, நாம் குளிர் ஊர்க்காரர்கள் என்கிற பெருமையைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலேயே இறக்கி வை. நான் இரண்டு பருத்தி பனியனுக்கு மேல் ஸ்வெட்டர், தலைக்கு மங்கி கேப் என்று டிசம்பர் மாத ஆராதனைக்குப் போகிற மாதிரிப் போனேன். விழுந்த பத்து நிமிஷத்தில் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்கக் காயவில்லை. பருத்தி வேண்டாம். உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் ஏறாத ஜாக்கெட். ஹெல்மெட். மணிக்கட்டுக்கு உள்ளே கட்டை வைத்த காப்பு. ரோலர் ஸ்கேட் விற்கிற கடையில் கிடைக்கும், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பார்த்தேன். திரும்பி வந்த பிறகு பார்த்தேன்.

இப்போது மூன்றாம் நாள். மூன்று மணிக்கு சுனில் போதும் என்றான். வெயில் இறங்கினால் பகலில் இளகின பனி மறுபடி இறுகிவிடும், 'சார், அப் பர்ஃப் சக்த் ஹோகி' என்று காலால் தட்டிக் காட்டினான். அவன் டீக்கடைக்குப் போனதும் நான் தனியாக மேல் சரிவுக்கு ஏறினேன். நீ கேட்ட கேள்விக்கு, அதாவது எங்கே ஆரம்பிக்கலாம் என்பதற்கு, அடிச் சரிவில் பத்திரமாக நின்றுகொண்டு பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு புது ஆள் எந்தச் சரிவில், எந்த உயரத்தில் உடைவான் என்று பார்க்க வேண்டும். பெஞ்சில் மாட்ட வேறு ஆள் இல்லை. என்னை மாட்டினேன்.

மேலே உடையவில்லை. அதுதான் வேடிக்கை. செங்குத்தாக இருந்த இடத்தில் ஏழெட்டுத் தடவை விழுந்தேன், உருண்டேன், வாயெல்லாம் பனி. ஒவ்வொரு தடவையும் சறுக்கிக்கொண்டே போய் நின்றேன். பயத்தில் கவனமாக இருந்தேன், முட்டி மடங்கியிருந்தது, கை மூடியிருந்தது. ஜெயித்துவிட்ட மாதிரி இறங்கி வந்தேன். டீக்கடை பக்கத்தில், கிட்டத்தட்டச் சமதரை, நடக்கிற வேகம்கூட இல்லை. பலகை தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் டீ சொல்லலாமா மேகி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குதிகால் விளிம்பு இறுகின பனியில் மாட்டியது. பின்பக்கமாக, மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்தேன். கையை விரித்து ஊன்றினேன். சத்தம் எனக்கே கேட்டது. சுனில் டீ கிளாஸோடு ஓடி வந்து, 'மேலேருந்து நல்லாத்தானே வந்தீங்க?' என்று இந்தியில் கேட்டான். நல்லாத்தான் வந்தேன்.

நான் கண்டுபிடித்தது இது. உடைகிற இடம் உயரம் இல்லை. சரிவு முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடம். தட்டையான தரையிலும் ஒரு விளிம்பில்தான் நிற்க வேண்டும். விழுந்தால் கையை மூடி, முன்கையில் விழு. பின்னால் விழுந்தால் உட்காருகிற மாதிரி விழு, கையை மார்போடு வை. மூன்று மணிக்கு மேல் பலகையைக் கழற்றிவிடு. இதெல்லாம் சரியான முடிவுகள்தான். ஆனால் இவற்றைக் கண்டுபிடிக்கக் கையை உடைக்க வேண்டியதில்லை. சுனிலிடம் கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பான். ஒரே ஒரு மாதிரியை உடைத்துப் பார்த்து முடிவு எழுதாதே என்று ஜூனியர் பையன்களைத் திட்டுகிறவன் நான்.

அப்புறம் நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மணாலியில் கட்டுப் போட்டுக்கொண்டு உன் அம்மாவுக்கு போன் செய்தேன். வழுக்கிவிட்டேன் என்றதும் அவள் கேட்ட முதல் வார்த்தை, 'வண்டியா?' இல்லை, ஹோட்டல் பாத்ரூம் என்றேன். வண்டி இல்லை என்றதும் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. நான் ஊர் வந்து சேருவதற்குள் ஜெப விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். ஞாயிறு ஆராதனையில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாஸ்டர் சபைக்கு முன்னால் வாசித்தார்: சண்டிகரில் குளியலறையில் வழுக்கி விழுந்த சகோதரரின் பூரண சுகத்துக்காக. சபை முழுக்க ஆமென் சொன்னது. அந்த ஆமெனைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, கைவலி ஒன்றுமில்லை அதற்கு முன்னால்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தங்கராஜ் அங்கிள் வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும், யாரையும் விடமாட்டார். 'என்ன தம்பி, சண்டிகர்ல எங்க விழுந்தீங்க?' 'பாத்ரூம்ல அங்கிள்.' என் முகத்தையே உற்றுப் பார்த்தார். 'பாத்ரூம்ல கூலிங் கிளாஸ் போட்டுக்கினா குளிச்சீங்க?' சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். 'இல்ல, மூஞ்சியெல்லாம் கருகிப் போயி கண்ணச் சுத்தி மட்டும் வெள்ளையா இருக்குது. லடாக்குல மூணு வருஷம் தினமும் இந்த மூஞ்சியத்தான் பாத்தேன். இது பனியில அடிச்ச வெயில் தம்பி. எந்த மலைக்குப் போயிட்டு வரீங்க?' உன் அம்மா டீ கப்பைப் பக்கத்தில் இருந்த யார் கையிலோ கொடுத்தாள். கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டில் அவள். பின்னால் கம்பியைப் பிடிக்க ஒரே கையோடு நான். லிங்கராஜபுரம் வருகிற வரைக்கும் அவள் தலை திரும்பவில்லை.

உனக்கு ஒன்று தெரியுமோ என்னவோ, என்னைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் உன் அம்மா என்னைக் கல்யாணமான புதிதிலிருந்து 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். சர்ச் பெண்கள் அதைப் பற்றிப் பேசினதும் உண்டு. அன்று வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, 'இடம் பாத்துட்டீங்களா?' என்றாள். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் 'நீங்க'. 'பாத்துட்டேன்.' 'எப்படி இருக்குது?' 'நல்ல இடம்தான்.' 'ஆமா, கையப் பாத்தாலே தெரியுது.' அப்புறம் குரலே உயராமல் சொன்னாள்: 'ஒருத்தரு பால் வாங்கினு வரேன்னு போனாரு. ஒருத்தரு சண்டிகருக்குன்னு போறீங்க. மூணாவது ஆள நான் அனுப்பறதா இல்ல.'

அன்று சாயங்காலம் உன்னிடம் அவளே போனில் சொல்லிவிட்டாள். அடுத்து நீ என்னிடம் பேசினாய். 'கங்கிராட்ஸ் அங்கிள். நான் போகக் கூடாதுன்னா நேராவே சொல்லியிருக்கலாம். கைய ஒடச்சிக்கினுதான் சொல்லணுமா?' நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'முட்டாள் மாதிரி பேசாத' என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். டேனி, உன்னைத் தடுக்க நான் போகவில்லை. அனுப்பத்தான் போனேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் ஆகிறது.

குல்மார்க் மேல் எனக்குக் குறையில்லை. அங்கேயும் அடிவாரத்தில் பழகுகிறவர்களுக்கு நல்ல சரிவு இருக்கிறது, விசாரித்துவிட்டேன். குறை உன் கூட்டத்தின் மேல். வினயும் மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே போய்ப் பழகியவர்கள். அவர்கள் போவது ரோப் காரில் உச்சிக்குப் போய் இறங்க. அந்த உச்சியில் யாரும் பனியைத் தட்டிச் சமப்படுத்தி வைப்பதில்லை. பனி பாளமாகச் சரிந்து ஆளை மூடுகிற மலை. முதல் நாள் நீ அடிவாரத்தில் ஒரு காலைக் கட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடப்பாய். அவர்கள் மேலேயிருந்து இறங்கி வந்து, கன்னம் சிவக்க, 'மகா, சூப்பர் கணோ, நீயும் வாடா' என்று பாதிக் கன்னடத்தில் கூப்பிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பிரியத்தில். இரண்டாம் நாள் நீ ரோப் காரில் ஏறிவிடுவாய். இது ஊகம் என்று சொல்லாதே. மழையில் நந்தி ஹில்ஸ் ஏறினவனை எனக்குத் தெரியும். அந்த ரோப் காரில் உன்னைச் சைஸ் எட்டு பூட்ஸோடு நினைத்துப் பார்க்கிறேன். சைஸைச் சொன்னவன் நான்.

ஆக, நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: சோலாங்கில் ஆரம்பி. தனியாகப் போ, அல்லது உன் அளவுக்கே தெரியாத ஒருவனோடு போ. உன்னைவிடத் தெரிந்த நண்பர்களோடு மட்டும் முதல் தடவை போகாதே. ஐந்து நாள், சுனில் மாதிரி யாராவது ஒருவன், காலை பத்திலிருந்து மூன்று வரை, அடிச் சரிவில். அடுத்த வருஷம் குல்மார்க்குக்குப் போ. வினயோடு உச்சிக்குப் போ. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. அவளுக்குப் பொய் சொல்லிவிட்டுப் பனியில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை விழும்போதும் வலி வருவதற்கு முன்னால் அவளுக்கு என்ன சொல்வது என்கிற நினைப்பு வரும். கவனம் அங்கே போனால் பலகையும் அங்கே போகும்.

இன்று பிப்ரவரி எட்டு, புதன். இனி நான் செய்யப் போவது:

1. நாளைக் காலை வைட்ஃபீல்ட் பஸ் பிடித்து, இதை உன் பி.ஜி.யில் உன் கையிலேயே கொடுப்பேன். வாட்ச்மேனிடம் கொடுக்கமாட்டேன். நின்று பேச வேண்டாம் என்றால் பேசாதே, வாங்கிக்கொள்.

2. சனிக்கிழமை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் அந்த மணிக்கட்டுக் காப்பை வாங்குவேன். நீ எங்கே போனாலும் அது உன்னோடு வரும்.

3. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு உன் அம்மாவிடம், டீக்கடை வாசலில் நான் எப்படி விழுந்தேன் என்று முழுவதும் சொல்வேன். அவள் இதுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்ன பிறகு, சோலாங்குக்கு உன்னை அனுப்பச் சொல்லிக் கேட்பேன். ஒரு தடவை இல்லை, அவள் என்னை மறுபடி 'நீ' என்கிற வரைக்கும் கேட்பேன்.

4. பாஸ்டரிடம் போய், விண்ணப்பத்தில் வாசித்தது பொய், சொன்னவன் நான், அவள் இல்லை என்று சொல்வேன்.

5. வினய் போன் பண்ணினதை அவளிடம் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. பதினெட்டாம் தேதி வரை உனக்கு நேரம் இருக்கிறது.

6. நீ சொல்லாமல் ரயில் ஏறினால், ரயில் கிளம்பிய பிறகு நானே சொல்வேன். 'உனக்கு எப்ப தெரியும்?' என்று கேட்பாள். 'திங்கள்கிழமை, ஆறாம் தேதி, நீ சமையலறையிலிருந்து யாருன்னு கேட்டப்போ' என்று அவளிடம் சொல்வேன்.